உப்புத் தண்ணீர் ஊரில் கள்ளி விதைப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தால், சாயங்காலத்துக்குள் தட்டில் வெள்ளையாக ஒரு படலம் மிஞ்சும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த தண்ணீர் என்றால், ஒரு லிட்டர் வற்றும்போது 2 கிராம் தட்டில் தங்கிவிடும். அரிய கள்ளி விதைகளுக்குக் காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

வேலூர் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால், நாற்று கருகிவிடும் என்று பயம். ஆனால் வெயிலை ஒரு பச்சை வலை கட்டித் தணித்துவிடலாம். உப்பை அப்படித் தணிக்க முடியாது. விதையிலிருந்து வந்த கள்ளிக்கு முதல் மாதத்தில் வேர் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மண்ணின் மேல்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படியும். நாற்றின் கழுத்து இருப்பதும் அங்கேதான். வேர் தண்ணீரை இழுப்பதற்குப் பதிலாக, உப்பு வேரிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நாற்று காயாது, அழுகாது. கடுகளவில் அப்படியே நின்றுவிடும். விதை சரியில்லை என்று விற்றவர் மேல் பழி போகும்.

இந்த உப்பு பெரும்பாலும் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து, அதாவது டேனரிகளிலிருந்து வந்தது. தோலைப் பதனிட வருமுன் கெடாமல் காக்கச் சாதாரண உப்பைத்தான் அப்புகிறார்கள். டேனரியில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அந்தக் கழிவுநீர் பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் ஏரிகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை அதில் உறுதியானது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆனால் நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை கிடையாது. தெருவுக்குத் தெரு, கிணற்றுக்குக் கிணறு உப்பின் அளவு மாறும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்ற கணக்கு இங்கே செல்லாது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கள்ளி வளர்ப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான். தொட்டியும் உரமும் பிறகு. மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு இந்திய தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. நாற்றுக்கு 150-க்குள் இருப்பது நல்லது, 200-ஐத் தாண்ட விடக்கூடாது. கேன் தண்ணீர் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். கள்ளி நாற்றுப் பக்கம் அது வரவே கூடாது.

எல்லாவற்றிலும் மேலானது மழைத் தண்ணீர். நூறு சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கிறது. சில பெட்டி நாற்றுகளுக்கு அது மாதக்கணக்கில் வரும். முதல் மழையைத் தளத்தைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு உண்டு என்பது ஒரு வசதி: ஆவணியிலேயே டிரம் நிரம்பிவிடும்.

விதைப்பை ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாசியில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பெரும்பாலான கள்ளி விதைகள் 20 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக முளைக்கும். 35-ஐத் தாண்டினால் விதை தயங்கும், பூஞ்சை தயங்காது. தை, மாசியில் விதைப்பவர்களும் இருக்கிறார்கள். முளைப்பதில் குறை இருக்காது, ஆனால் மூன்று மாத நாற்று நேராகச் சித்திரையில் போய் மாட்டிக்கொள்ளும். புரட்டாசி நாற்றுக்கு உடம்பு தேற்ற ஏழு மாதம் கிடைக்கிறது.

பெட்டிக்கு அலைய வேண்டாம். ஆம்பூரில் பிரியாணி பார்சல் வாங்காத வீடு அரிது. கண்ணாடி போல் தெளிவான மூடியுள்ள அந்தப் பிளாஸ்டிக் டப்பா நாற்றுப்பெட்டிக்கு மிகவும் பொருத்தம். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, அடியில் சூடான ஊசியால் எட்டுப் பத்து ஓட்டை போட்டால் வேலை முடிந்தது.

மண் கலவைக்கு எம்-சாண்ட் போதும், ஆனால் கடையிலிருந்து வந்தபடியே போடக்கூடாது. அதிலுள்ள கல் மாவு தண்ணீர் பட்டதும் சிமெண்ட் போல இறுகிவிடும். மாவு சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளிவிட்டு, ரவைக்கும் கடுகுக்கும் இடைப்பட்ட மணிகளை வைத்துக்கொண்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். இது நான்கு பங்கு. நாட்டுச் செங்கல்லை இடித்துச் சலித்த துகள் இரண்டு பங்கு, கரித்தூள் அரைப் பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே ஒரு பங்கு சேர்க்கலாம். டேனரிக் கழிவிலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது எருவோ தோல் சீவலோ கொடுத்தால் வாங்க வேண்டாம். குரோமியம் சேர்த்துப் பதனிட்ட தோலின் துணுக்கு மண்ணில் கலக்க வேண்டிய பொருளே அல்ல.

கலவையை ஈரமாக்கி, பழைய இட்லிப் பானையில் துணி விரித்துக் கொட்டி முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆறியதும் டப்பாவில் நிரப்பலாம். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டவர்கள்தான் பிறகு பூஞ்சை மருந்துக்கு அலைகிறார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் விதையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, காகிதத்தில் வடித்து எடுக்க வேண்டும். பிறகு மண்மேல் தூவுவதுதான், மூடக் கூடாது. பெரும்பாலான கள்ளி விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நெல்லையும் கத்தரியையும் விதைத்துப் பழகிய கை தன்னால் மண்ணை இழுத்து மூடப் போகும். அதைத்தான் தடுக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து ஊற்றாமல், டப்பாவை மழைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஓட்டை வழியாக ஈரம் ஏறி மேல்மண் கறுக்கும்வரை விட வேண்டும். மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான சன்னலோரத்தில், அல்லது ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்குக்கு ஒரு அடி கீழே, நாளுக்கு 12 மணி நேரம் வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும்.

எல்லா விதையும் ஒரே வேகத்தில் வராது. ஆஸ்ட்ரோஃபைட்டம் இரண்டாம் நாளிலேயே ஓட்டைப் பிளக்கும். பழுப்புப் பச்சையாக ஒரு குண்டு உருண்டை, மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு விதையிலை நுனிகள். ஜிம்னோகாலிசியம் ஒரு வாரம். மெலோகாக்டஸ் இரண்டு மூன்று வாரம். சப்பாத்திக்கள்ளி இனமான ஓபுன்ஷியா விதைக்குத் தடித்த உறை இருப்பதால் மாதங்கள்கூட ஆகும். ஸ்ட்ரோம்போகாக்டஸ், ஆஸ்டெக்கியம் போன்றவற்றின் விதை தூசு அளவுதான். முளைத்து ஓராண்டு ஆன பிறகும் நாற்று குண்டூசித் தலையளவில் இருக்கும். தொடங்குகிறவருக்கு அவை வேண்டாம்.

முதல் மாதத்தில் தினமும் மூடி வழியே பார்ப்பது அவசியம். வேர் மண்ணில் இறங்காமல் மல்லாந்து கிடக்கும் நாற்றைப் பல்குத்தும் குச்சியால் சிறு குழி செய்து நிறுத்த வேண்டும். நாற்று செக்கச் சிவந்தால் வெளிச்சம் அதிகம்; வெளிறி நீண்டால் குறைவு. கழுத்து கண்ணாடி மாதிரி ஆகி நாற்று சாய்ந்தால் அது பூஞ்சை. அந்த நாற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் உடனே இடுக்கியால் எடுத்து எறிந்துவிட்டு, கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கலந்து தட்டில் ஊற்றி அடிவழியாக ஏற்ற வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடியை நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து, பத்துப் பதினைந்து நாளில் முழுவதும் எடுத்துவிடலாம்.

சித்திரை, வைகாசியில் ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. கள்ளி பகலில் தன் சுவாசத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை உள்ளே இழுக்கிறது. இரவு குளிர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். வேலூரில் மே மாதத்து ராத்திரியும் புழுங்குவதால் பல கள்ளிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது சுருங்கிய செடியைப் பார்த்துப் பதறித் தண்ணீரைக் கொட்டினால் வேர் அழுகும். 75 சதவீத நிழல் வலை, மாலையில் மட்டும் மேல்மண் நனையும் அளவுக்குத் தண்ணீர், நல்ல காற்றோட்டம் ஆகியவை போதும். ஆடிக் காற்று வந்ததும் செடி தானே பருக்கத் தொடங்கும்.

எந்த விதையில் தொடங்குவது? தூய இனத்தில் அல்ல, கலப்பினத்தில் என்பதே பரிந்துரை. அரிய செடி என்று மனம் போவது பெரும்பாலும் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் மேல்தான். முள் இல்லாத, எட்டு மடிப்புள்ள, வெள்ளைப் புள்ளி தெளித்த சப்பை உருண்டை அது. அமெரிக்காவின் டெக்சஸ் ஓரத்திலும் மெக்சிகோவின் வடகிழக்கிலும் மட்டும் வாழ்கிறது. 1993-இல் அமெரிக்கா அதை அழியும் நிலையிலுள்ள செடியாக அறிவித்தது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் அது உள்ளது. அழகானது, ஆனால் மெதுவானது. ஈரம் கொஞ்சம் கூடினாலும் போய்விடும். அதையே மிரியோஸ்டிக்மா, ஆர்னேட்டம், காப்ரிகார்னி போன்ற உறவினங்களோடு சேர்த்தால் வரும் நாற்றுகள் வேகமாகப் பருக்கும், வேர் உறுதியாக இருக்கும். புள்ளிகளின் அழகும் பெரும்பாலும் தங்கும். இந்த இனங்கள் தங்களுக்குள் எளிதாகக் கலப்பவை. மெக்சிகோவின் நுவோ லியோனில் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டு மறு ஆண்டு பெயரிடப்பட்ட, விரல்கள் போலக் கிளம்பும் காபுட்-மெடூசேகூட அவற்றோடு கலந்து விதை தருகிறது.

கள்ளிகளில் கலப்பு மனிதன் கண்டுபிடித்ததும் அல்ல. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில், பெர்ஜெரோகாக்டஸ் என்னும் குட்டைக் கள்ளியும் மரம்போல் உயரும் பாகிசீரியஸும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடங்களில், இரண்டுக்கும் பிறந்த செடிகள் காட்டிலேயே நிற்கின்றன. இரண்டும் ஒரே பேரினம்கூட இல்லை. கள்ளிகளின் அடிப்படை குரோமோசோம் எண் 11. சாதாரணக் கள்ளிக்கு 22. ஆனால் பழத்துக்காக உலகெங்கும் வளர்க்கும் ஓபுன்ஷியா ஃபைகஸ்-இண்டிகாவுக்கு 88. கலப்பும் குரோமோசோம் பெருக்கமும் மெக்சிகோ உழவர்களின் தேர்வும் பல தலைமுறை சேர்ந்து உண்டாக்கிய செடி அது. கிறிஸ்துமஸ் கள்ளியோ, 1840-களில் இங்கிலாந்தின் ரோலிசன் நாற்றங்காலில் வில்லியம் பக்லி செய்த கலப்பு. தாய் தந்தை இரண்டும் பிரேசில் மலைகளைச் சேர்ந்தவை. அது ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்றது, வேலூர் மொட்டை மாடிக்கு அல்ல.

கலப்பு வேறு, திடீர் மாற்றம் வேறு. நர்சரிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலை வைத்து மூன் கேக்டஸ் என்று விற்பது கலப்பினம் அல்ல. ஜப்பானில் எய்ஜி வதனபே 1941-இல் சுமார் 10,000 ஜிம்னோகாலிசியம் நாற்றுகளுக்கு நடுவே பச்சையம் இல்லாமல் சிவந்த ஒன்றிரண்டைக் கண்டு, சாகும் முன் வேறு கள்ளிமேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார். இன்று கீழே பச்சைத் தண்டாக இருப்பது டிராகன் ஃப்ரூட் இனம். விதைப் பெட்டியில் நிறம் மாறிய நாற்று தெரிந்தால் பிடுங்கி எறியாமல் ஒட்டுக்கட்டுவது இதனால்தான். ஆனால் வேலூர் மலைகளில் நிற்கும் சதுரக்கள்ளியிலோ திருகுகள்ளியிலோ ஒட்டினால் பிடிக்காது. அவை கள்ளி என்று பெயர் கொண்டாலும் ஆமணக்குக் குடும்பம். கீறினால் பால் வடியும். அமெரிக்கக் கள்ளியில் பால் பெரும்பாலும் வராது, முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு மெத்தை இருக்கும்.

வீட்டில் கலப்புச் செய்ய ஒரு மெல்லிய ஓவியத் தூரிகை போதும். ஆஸ்ட்ரோஃபைட்டம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடி வேண்டும். பூ உச்சி வெயிலில் விரியும். நடுவில் உள்ள சூல்முடி விரல்களாகப் பிரிந்து பிசுபிசுப்பாகும் நேரத்தில், தந்தைச் செடியின் மஞ்சள் தூளைத் தடவ வேண்டும். தேனீ வருமுன் தாய்ப் பூவின் மேல் ஒரு துண்டு வலைத் துணியைக் கட்டிவிடுவது பாதுகாப்பு.

இரண்டு செடியும் ஒரே நாளில் பூக்காதபோது மகரந்தத்தைச் சேமிக்க வேண்டும். காலணி நகரமான ஆம்பூரில் அதற்கான பொருள் குப்பையில் கிடைக்கிறது: ஷூ பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம். மகரந்தப் பைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்து, அந்தப் பொட்டலத்தோடு சிறு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். மீந்த விதையையும் அப்படியே வைக்கலாம். ஆனால் ஆஸ்ட்ரோஃபைட்டம் விதை நாள்பட்டால் முளைப்புத்திறனை வேகமாக இழக்கும். பழம் வெடித்த அந்தப் பருவத்திலேயே போடுவதுதான் சரி.

இனி, பெயர்ச்சீட்டு. தாயை முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தை, விதைத்த மாதம், ஆண்டு. பென்சிலால் பிளாஸ்டிக் பட்டையில் எழுதினால் பல ஆண்டு நிற்கும். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், தோல் வெட்டுபவர்கள் குறியிடும் சில்வர் பேனா துடைத்தாலே போய்விடும். சீட்டில்லாத நாற்றைத் தூய இனம் என்று யாருக்கும் கொடுக்கக் கூடாது. செடியே ஓரளவு சாட்சி சொல்லும்: மிரியோஸ்டிக்மாவின் பூ பொதுவாக முழு மஞ்சள், அதன் விதையில் வந்த செடி தொண்டையில் சிவப்போடு பூத்தால் தேனீ வேறு தந்தையிடம் போய்வந்திருக்கலாம். ஆஸ்டீரியாஸ் என்று வாங்கியது சில ஆண்டுக்குப் பிறகும் முள் விட்டால் அதில் வேறு ரத்தம் இருக்கிறது. கலப்பு நாற்றுகளை மறுபடி தங்களுக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பாட்டன் பாட்டி குணங்கள் கலைந்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் வரும். அழகான தேர்வுகள் கிடைப்பது அந்தத் தலைமுறையில்தான். சீட்டு இல்லாவிட்டால் அதைத் திரும்பச் செய்ய வழியில்லை.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய பாடம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது சாயத்துக்கு ஏற்ற இனம் அல்ல, அதன் காட்டு உறவினம். சாயத் தொழில் எழவில்லை. அந்தப் பூச்சி ஓபுன்ஷியா மோனகாந்தாவைத் தின்று தீர்த்தது. களையாகப் பரவிய அந்தக் கள்ளியை ஒழிக்கவென்றே 1836 முதல் 1838 வரை பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஓபுன்ஷியா டிலெனியை அது தொடவில்லை. அதற்கு வேறொரு கொச்சினீல் இனம் 1926-இல் இலங்கை வழியாக வரவேண்டியிருந்தது. பூச்சியும் செடியும் எந்த இனம் என்று தெரியாமல் நூறு ஆண்டுக்கு மேல் ஓடிய கதை அது.

விதையை இந்திய வளர்ப்பாளர்களிடமே வாங்குவது நல்லது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி பெங்களூரு லால்பாக்கில் நடக்கும் மலர்க் காட்சிகளுக்கு ஆம்பூரிலிருந்து ரயிலில் போய்வந்துவிடலாம். ஒழுங்கான தொகுப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 1987-இல் தொடங்கிய பஞ்ச்குலா தேசியக் கள்ளித் தோட்டம் இருக்கிறது. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். முதல் பட்டியல் இனங்களுக்கும், மெக்சிகோவிலிருந்து வரும் எந்தக் கள்ளி விதைக்கும் சைட்டீஸ் அனுமதியும் சேர்த்து வேண்டும். இவை இல்லாமல் உறையில் மறைத்து வரும் விதை மலிவாக இருந்தாலும் தொடக்கூடாது. 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கண்டது. காட்டிலிருந்து பிடுங்குவதும் அதற்கு முக்கியக் காரணம். மொட்டை மாடியில் விளையும் ஒவ்வொரு நாற்றும் அந்தச் சந்தையின் தேவையைக் கொஞ்சமாவது குறைக்கும்.

முதல் ஆண்டு முடிவில் நாற்று பட்டாணி அளவுக்கு வந்ததும் இரண்டங்குலத் தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் தண்ணீர் விடாமல் வேர்க்காயம் ஆற விட வேண்டும். மாற்றிய பிறகும் மழைத் தண்ணீர்தான். ஜிம்னோகாலிசியம் இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும், ஆஸ்ட்ரோஃபைட்டம் கலப்பினங்கள் மூன்று முதல் ஐந்தில். கிணற்றுத் தண்ணீர் 500-க்குள் இருக்கும் வீடுகளில், இரண்டாம் ஆண்டு முதல் அதைப் பாதிக்குப் பாதி மழைத் தண்ணீரில் கலந்து விடலாம். அப்போதும் ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் தொட்டிகளை வெளியே வைத்து, ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு அடிவழியாக வெளியேறும்படி நன்றாக நனையவிட்டு உள்ளே எடுக்க வேண்டும்.